கூரையில் விளைவதை வீட்டிலேயே செலவழிப்பது எப்படி? மெல்பர்ன் வீட்டு சோலார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரம் டவுன்ஸ் கோயில் கார் நிறுத்தத்தில், பிறந்தநாள் விருந்தில், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கையில் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் பேச்சு கரண்ட் பில்லுக்கு வந்துவிடுகிறது. சில வருடங்களாக ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். 6.6 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர் (பேனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி). வாங்கும் யூனிட் 30 சென்ட், விற்கும் யூனிட் 3 சென்ட். உங்கள் பில்லில் எண்கள் வேறாக இருக்கும்; அவற்றைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

சோலார் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. பில் பெருசா குறையவே இல்லையே, ஏன்?

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதால்தான். மெல்பர்னில் ஒரு கிலோவாட் பேனல் வருட சராசரியாக நாளுக்கு 3.6 யூனிட் தரும். 6.6 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 24 யூனிட். பகலில் வீடு காலியாக இருந்து 18 யூனிட் வெளியே போனால் கைக்கு வருவது 54 சென்ட். மாலையில் எல்லோரும் வந்து சமைத்து, குளித்து, ஹீட்டர் போட்டு 12 யூனிட் வாங்கினால் கொடுப்பது 3 டாலர் 60 சென்ட். கரண்ட் இணைப்புக்கான நாள் வாடகைக் கட்டணம் இதற்கு மேல். சோலார் இருந்தாலும் அது குறையாது.

பேனலில் குறையில்லை. விளைந்ததை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, அதையே மாலையில் கடை விலைக்கு வாங்குகிறோம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்வதற்கானவை.

நம்ம கரண்டை கம்பெனிக்காரன் முதல்ல எடுத்துக்கிட்டு, அப்புறம் நமக்கே விக்கிறானா?

இல்லை. பேனலிலிருந்து வருவது முதலில் உங்கள் வீட்டில் அந்த நொடியில் ஓடும் கருவிகளுக்குத்தான் போகும். மிஞ்சினால் மீட்டரைத் தாண்டி வெளியே போகும், குறைந்தால் வெளியிலிருந்து உள்ளே வரும். இதற்கென்று ஏதும் சுவிட்ச் போட வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளேயே செலவான சோலார் யூனிட் மீட்டருக்குத் தெரியாது, அதனால் பில்லிலும் வராது. பலர் பில்லில் ‘சோலார்’ என்று போட்டிருக்கும் சிறிய தொகையைப் பார்த்து இவ்வளவுதானா என்கிறார்கள். அது விற்றதற்கான பணம் மட்டும். உண்மையான லாபம் நீங்கள் வாங்காமல் விட்ட யூனிட்டுகளில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்து வருஷத்துக்கும் மேல சோலார் வச்சிருக்கார். பகல்ல எதையும் போடாதே, ராத்திரி துவைங்கிறார். நீங்க தலைகீழா சொல்றீங்களே?

அவர் சொன்னது அவருக்குச் சரியாக இருந்தது. நம் விக்டோரியா மாநிலத்தில் 2009 நவம்பரில் தொடங்கிய திட்டம் ஒன்றில், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்தார்கள். வாங்கும் விலையை விட விற்கும் விலை அதிகம் என்றால் பகலில் வீட்டில் விளக்குகூடப் போடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தத் திட்டம் 2024 நவம்பரில் முடிந்துவிட்டது.

பின்னால் வந்தவர்களுக்கான குறைந்தபட்ச விலை 2019-20ல் 12 சென்ட், 2022-23ல் 5.2 சென்ட், 2024-25ல் 3.3 சென்ட் என்று இறங்கியது. 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சம் என்பதே இல்லை. கம்பெனி தருவதுதான் விலை. காரணம் எளிது: நண்பகலில் எல்லாக் கூரையிலும் ஒரே நேரத்தில் கரண்ட் விளைகிறது.

எதை முதல்ல பகலுக்கு மாத்தணும்? கிரைண்டரா, வாஷிங் மெஷினா?

குளிக்கிற வெந்நீரை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 200 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்ற 9 யூனிட்டுக்கு மேல் ஆகும். உள்ளே சூடாகும் கம்பி உள்ள சாதாரண எலிமென்ட் டேங்க்கில் அதை இரவில் வாங்கினால் ஏறக்குறைய 2 டாலர் 80 சென்ட். நண்பகல் சோலாரில் போட்டால், விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 28 சென்ட்தான் நஷ்டம். காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்றால் அதே தண்ணீருக்கு 3 யூனிட் போதும்.

கிரைண்டருக்கு வருவோம். மேஜை கிரைண்டர் 150 வாட் இழுக்கும். நாற்பது நிமிடம் ஆட்டினால் 0.1 யூனிட், அதாவது 3 சென்ட். மாவை எப்போது வேண்டுமானாலும் ஆட்டுங்கள். போன் சார்ஜர், டிவி, எல்இடி விளக்கும் அப்படித்தான். சூடாக்குகிற, குளிர வைக்கிற கருவிகளைப் பிடித்தால் போதும்: வெந்நீர், ஏசி, டிரையர், டிஷ்வாஷர், ஓவன். கார் இருந்தால் கார்.

எங்க வீட்ல ஏற்கனவே கரண்ட் டேங்க்தான் இருக்கு. அது சோலார்ல ஓடுதான்னு எப்படித் தெரியும்?

பில்லை எடுத்து ‘கன்ட்ரோல்டு லோட்’ அல்லது ‘டெடிகேட்டட் சர்க்யூட்’ என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் டேங்க் தனிக் கம்பியில், தனிக் கணக்கில், பெரும்பாலும் நள்ளிரவில் ஓடுகிறது. சோலார் அந்தக் கம்பிக்குப் போகாது. மதியம் 4 கிலோவாட் வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலும் டேங்க் இரவில் காசு கொடுத்துத்தான் சூடாகும்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அதை வீட்டின் பொது சர்க்யூட்டுக்கு மாற்றி டைமர் போட்டுக் கொடுப்பார். மிஞ்சும் சோலாரை மட்டும் அளந்து டேங்க்குக்கு அனுப்பும் ‘டைவர்ட்டர்’ கருவியும் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் விலை அதிகம். முதலில் டைமர் போதும் என்பதே என் கருத்து. உடனடியாகச் சூடாக்கித் தரும் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சேமித்து வைக்க டேங்க்கே இல்லை. அது பழுதாகும்போது ஹீட் பம்ப்புக்கு மாறுங்கள்.

ஹீட் பம்ப் டைமரை எத்தனை மணிக்கு வைக்கிறது?

மெல்பர்னில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல. குளிர்காலத்தில் ஏறக்குறைய 12.20; கடிகாரத்தை முன்னே தள்ளும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 1.20. அதனால் கோடையில் 11 மணிக்குத் தொடங்கலாம், குளிர்காலத்தில் 10 மணிக்கே தொடங்குங்கள்.

நாங்கள் முதல் வருடம் இதைக் கவனிக்கவில்லை. எங்கள் டைமர் வைஃபையில் நேரம் பார்ப்பது. ஏப்ரலில் அது கடிகாரத்தோடு சேர்ந்து மாறிவிட்டது, வெயில் மாறவில்லை. பகல் 1 மணிக்குத் தொடங்கி, வெயில் சாய்ந்த பிறகும் ஓடி, ஜூன் மாதம் முழுக்கப் பாதிக்கு மேல் வாங்கிய கரண்டில் தண்ணீர் சூடானது.

பகலில் ஓட்டுவதற்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது. ஜூலை விடியலில் 4 டிகிரி, மதியம் 14 டிகிரி. மதியக் காற்றில் அதே வேலையைக் குறைந்த கரண்டில் முடிக்கும். சிக்கனம் என்று டேங்க் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

காலையில 7 மணிக்கு எல்லாரும் கிளம்பிடுவோம். பகல்ல யார் மெஷின் போடறது?

டிஷ்வாஷரிலும் வாஷிங் மெஷினிலும் ‘டிலே ஸ்டார்ட்’ பொத்தான் இருக்கும். இரவு பாத்திரங்களை அடுக்கி, காலையில் கிளம்பும்போது நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். துணியும் அப்படியே, வீடு திரும்பும்போது துவைத்துக் கிடக்கும். டிரையரை மட்டும் ஆள் இல்லாத வீட்டில் ஓட விடாதீர்கள். பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும் கருவி அது. அதைச் சனி, ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பெரிய சமையலை அந்த மதியங்களுக்கு மாற்றலாம். சாம்பார், கூட்டு, குழம்பு எல்லாம் இன்டக்ஷன் அடுப்பில் 12 மணிக்குச் செய்து எடுத்து வைத்தால் மாலை வேலையும் மிச்சம்.

எல்லாத்தையும் 12 மணிக்கே ஒண்ணா போட்டுட்டா?

இன்வெர்ட்டர் தருவது அதிகபட்சம் 5 கிலோவாட். எலிமென்ட் டேங்க் 3.6, டிஷ்வாஷர் தண்ணீர் சூடேற்றும்போது 2, வாஷிங் மெஷின் வெந்நீரில் 2. மூன்றும் சேர்ந்தால் 7.6. மிச்சம் 2.6 கிலோவாட் வெளியிலிருந்து வாங்குகிறீர்கள், அதுவும் நல்ல வெயில் அடிக்கும்போதே. ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள்: 10 மணிக்குத் துணி, 11.30க்குத் தண்ணீர், 2 மணிக்குப் பாத்திரம். மேகம் போட்டால் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அதற்காக ஜன்னலோரம் நின்று வானம் பார்க்க வேண்டாம்.

ஆப்ல 4 கிலோவாட்னு காட்டுது. அதுல எவ்வளவு வெளியே போகுதுன்னு தெரியலையே?

இன்வெர்ட்டர் ஆப் விளைச்சலை மட்டும் காட்டும். வீட்டுச் செலவையும் காட்ட, ஸ்விட்ச்போர்டில் தனியாக ஒரு அளவி மாட்ட வேண்டும். புதிதாகச் சோலார் போடுபவர்கள் இதைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே போட்டவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. விக்டோரியாவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர்தான். உங்கள் பகுதிக் கம்பி நிறுவனத்தின் (தெருக் கம்பிகளைப் பராமரிப்பவர்கள்) தளத்தில் பதிவு செய்தால் அரைமணிக்கு ஒரு முறை வாங்கியது, விற்றது இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது அதிகாலை 2 முதல் 4 மணி வரை. எல்லோரும் தூங்கும்போது வீடு எவ்வளவு இழுக்கிறது? எங்கள் வீட்டில் 400 வாட் காட்டியது. தேடிப் பார்த்ததில், கேரேஜில் இருந்த பழைய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது இரண்டு பாட்டில் ஊறுகாயும் ஒரு மாவு டப்பாவும். அதை நிறுத்தியதும் 250க்கு இறங்கியது. 150 வாட் என்றால் நாளுக்கு 3.6 யூனிட், சூரியன் இல்லாத நேரங்களில் அது முழுக்க வாங்கும் கரண்ட்.

40 டிகிரி நாள்ல ஏசியை எப்பப் போடறது?

வீடு கொதித்த பிறகு போடாதீர்கள். காலை 11 மணிக்கே திரைகளை இழுத்துவிட்டு 23, 24 டிகிரியில் ஓட விடுங்கள். சுவரும் தரையும் குளிர்ந்துவிட்டால் மாலையில் ஏசிக்கு வேலை குறைவு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்களில் உச்ச விலை மதியம் 3 முதல் இரவு 9 வரை என்பது இங்கே வழக்கம். 3 மணிக்குள் வீட்டைக் குளிர வைத்துவிட வேண்டும்.

புதிதாகப் பேனல் போடுபவர்கள் மேற்குக் கூரையையும் யோசியுங்கள். ஊரில் தெற்குப் பார்த்துப் போடுவார்கள். பூமியின் இந்தப் பாதியில் வடக்குதான் அதிகம் தரும். மேற்கு சுமார் 15 சதவீதம் குறைவாகத் தரும், ஆனால் மாலையில் நமக்கு வேண்டிய நேரத்தில் தரும்.

குளிர்காலத்துல இதெல்லாம் வேலைக்காகுமா?

குறைவாக ஆகும். டிசம்பரில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான் ஜூனில் வரும். நாளுக்கு 10, 12 யூனிட். அதில் வெந்நீருக்கு முதலிடம், மீதி மதியம் வீட்டைச் சூடாக்க. மாலை 5 மணிக்குக் குளிர்ந்த வீட்டைச் சூடாக்குவதை விட, 1 மணியிலிருந்து ஏசியின் ஹீட்டிங்கை மெதுவாக ஓட்டிக் காப்பது மேல்.

மின்சாரக் கார் வாங்கினா 7 கிலோவாட் சார்ஜர் கட்டாயமா?

சோலாரில் ஏற்றுவதற்கு மெதுவான சார்ஜரே நல்லது. சாதாரண 10 ஆம்பியர் பிளக் 2.3 கிலோவாட் அளவில் இழுக்கும், வெயிலுக்குள் அடங்கும். 7 கிலோவாட் சார்ஜர் உங்கள் இன்வெர்ட்டரையே மிஞ்சிவிடும். நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய 8 யூனிட். மூன்றரை மணி நேரம் போதும். பகலில் கார் ஆபீஸில் நிற்கிறதென்றால் சனி, ஞாயிறில் முடிந்தவரை ஏற்றுங்கள். உபரிக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் சார்ஜர்களும் உண்டு, அவையும் 1.4 கிலோவாட்டுக்குக் கீழே போகமாட்டா.

எங்களுது த்ரீ ஃபேஸ். சோலார் ஒரு ஃபேஸ்ல, ஏசி இன்னொரு ஃபேஸ்ல. சோலார் வீணாகுதா?

கவலை வேண்டாம். இங்குள்ள மீட்டர்கள் மூன்று ஃபேஸையும் அந்த நொடியில் கூட்டிக் கழித்துத்தான் கணக்கு வைக்கின்றன. ஒரு ஃபேஸில் 3 கிலோவாட் வெளியே போய், இன்னொன்றில் 2 கிலோவாட் உள்ளே வந்தால், 1 கிலோவாட் விற்றதாகவே பதிவாகும்.

நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது. மேகமா இருந்தா ஒழுங்கா ஓடுது. இதென்ன?

தெருவில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும்போது கம்பியில் வோல்டேஜ் ஏறுகிறது. 230தான் கணக்கு, 253 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் புதிய இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிட சராசரி 258ஐத் தாண்டினால் நின்றுவிடும். ஆப்பில் வோல்டேஜைப் படமெடுத்து வைத்து, சோலார் போட்டவரிடம் காட்டுங்கள். வீட்டுக் கம்பியில் குறையில்லை என்றால் கம்பி நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் கரண்ட் செலவழித்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும் என்பதால் டேங்க் டைமர் இதற்கும் உதவும்.

ஊர்ல அப்பா வீட்லயும் சோலார் போட்டிருக்கோம். அங்கேயும் பகல்லதான் துவைக்கணுமா?

அவ்வளவு அவசியமில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் இருக்கிறது; அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிக்கிறார்கள். பகலில் அனுப்பி இரவில் எடுத்தாலும் யூனிட்டுக்கு யூனிட்தான். இங்கே யூனிட்டைக் கழிப்பதில்லை, காசாக மாற்றித்தான் கழிக்கிறார்கள். அப்படி மாற்றும்போதுதான் பத்து மடங்கு போகிறது. இலங்கையில் நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் என்று பல விதம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடு உள்ளவர்கள் எதில் கையெழுத்திட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

அப்போ பேட்டரி வாங்கிடலாமா?

வெந்நீரும் ஏசியும் பகலுக்கு மாறிய பிறகு கேளுங்கள். முதலில் பேட்டரி வாங்கினால், டைமர் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களாவீர்கள்.

கணக்கு இப்படி: 10 யூனிட் பேட்டரியிலிருந்து எடுக்க 11 யூனிட் ஏற்ற வேண்டும். மிச்சம் 3 டாலர், விற்காமல் விட்டது 33 சென்ட், ஆக 2 டாலர் 67 சென்ட். குளிர்காலத்தில் நிரம்பாது. வருடத்தில் 250 முறை முழுதாக நிரம்பிக் காலியானால் 670 டாலர் அளவில் வரும். வாரண்டி பெரும்பாலும் பத்து வருடம். எல்லாக் கழிவும் போக 6,700 டாலருக்கு நன்றாகக் கீழே இருந்தால் யோசிக்கலாம். மத்திய அரசின் பேட்டரிச் சலுகை 2025 ஜூலை 1ல் சுமார் 30 சதவீதத்தில் தொடங்கியது. காலம் போகப் போகக் குறையும்படி வைத்திருக்கிறார்கள். அதற்காக, கதவைத் தட்டி ‘இன்றைக்கே கையெழுத்திடுங்கள்’ என்பவரிடம் கையெழுத்திட வேண்டாம்.

கரண்ட் போனா சோலார் இருக்கே, வீடு ஓடும்தானே?

ஓடாது. தெருக் கம்பியில் வேலை செய்பவர்களின் உயிருக்காக, வெளியே கரண்ட் போன உடனே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி இருந்தாலும் ‘பேக்-அப்’ வசதி சேர்த்துப் போட்டிருந்தால் மட்டுமே ஓடும். விலை கேட்கும்போதே எந்தெந்த சர்க்யூட் ஓடும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

என் நண்பன் சோலார்ல விளையறதுல 80 சதவீதம் சொந்தமா செலவழிக்கிறானாம். எனக்கு 35தான். நான் ஏதோ தப்பு பண்றேனா?

அவர் கூரையில் எவ்வளவு பேனல் என்று கேளுங்கள். 2 கிலோவாட் போட்டவர் எளிதில் 80ஐத் தொடுவார். 10 கிலோவாட் போட்டவர் 25ல் நின்றாலும் அவரை விடக் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது வெளியிலிருந்து வாங்கிய யூனிட். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சதவீதத்தை ஏற்றுவதற்காகத் தேவையில்லாமல் எதையும் ஓட்டாதீர்கள்.

மதியம் 11லிருந்து 2 வரைக்கும் கரண்ட் இலவசம்னு ஒரு திட்டம் வந்திருக்கு. எடுக்கலாமா?

சோலார் இல்லாதவருக்கும், பேட்டரியோ காரோ உள்ளவருக்கும் நல்லது. குளிர்காலத்தில் பேட்டரியை அந்த மூன்று மணி நேரத்தில் வெளியிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். பேட்டரி இல்லாத சோலார் வீட்டுக்கு அந்த நேரத்தில் ஏற்கனவே கரண்ட் இருக்கிறது. மாலை விலையும் நாள் வாடகையும் அதிகமாக இருந்தால் நஷ்டம். ‘யூனிட்டுக்கு 10 சென்ட் தருகிறோம்’ என்னும் திட்டங்களிலும் நாளுக்கு இத்தனை யூனிட் வரைதான் என்ற வரியைத் தேடுங்கள். ஒப்பிட விக்டோரியன் எனர்ஜி கம்பேர் என்ற அரசுத் தளம் இருக்கிறது.

அம்மா அப்பா ஊர்லேருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க. பில் எகிறிடுமா?

பயந்த அளவுக்கு ஏறாது. அவர்கள் இருப்பது பகலில். உங்கள் சோலாரும் பகலில்தான். நான் பார்த்த வரை சிக்கல் வேறு. மகன் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறான் என்று ஹீட்டரை அணைத்துவிட்டு, ஸ்வெட்டர் மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். என் மாமியார் அப்படி ஒரு ஜூலை முழுவதும் இருந்தார், வெளியே 3 கிலோவாட் போய்க்கொண்டிருந்தபோது. அவர்களை ஆப்பின் முன் உட்கார வைத்து, இந்தப் பச்சைக் கோடு மேலே இருக்கும் வரை ஹீட்டருக்குச் செலவு மிகக் குறைவு என்று காட்டுங்கள். மாமியாருக்கு அது புரிந்த பிறகு, காலை 10 மணிக்கு அவரே பார்த்துச் சொல்வார்: “வெயில் வந்துடுச்சு, போடலாம்.”

இன்னொன்று, ஊர்ப் பழக்கத்தில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் தூங்குவார்கள். வைஃபை பெட்டி, ஹீட் பம்ப், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சுவிட்சுகளில் தமிழில் ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.